பதுளைத் தெருவில் வெறுங்காலோடு

ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கடைத்தெருவில் வெறுங்காலோடு நடப்பதுதான் எனக்கும் என் பெண்சாதிக்கும் இருந்த ஒரே ஊதாரித்தனம். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்லும் முள்ளும் மிதித்து இறங்கி வந்த காலுக்கு, மாட்டு வண்டிகள் மாவாய் அரைத்துப் போட்ட தெருப்புழுதி சொர்க்கம். அவளுக்குப் புழுதியைவிடத் துணிக்கடைப் படிதான் பிடிக்கும். கடைக்கார நானா காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கருங்கல் படி அது. சேலை பார்க்கிற சாக்கில் ஏறி நின்றாளென்றால் லேசில் இறங்க மாட்டாள். துணி வாங்க வந்தீங்களா, படியை வாங்க வந்தீங்களா என்று நானா கேலி செய்வார்.

அவள் முழுகாமல் இருந்தபோது முகம் வெளுத்துப்போனது. நாலு அடி ஏறினால் மூச்சு வாங்கியது. தோட்டத்து மருந்துக்கார ஐயா கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றுப் பூச்சி ரத்தத்தைக் குடிக்கிறது என்றார். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஆட்கள் ஒதுங்கும் மண்ணிலிருந்து அது உள்ளங்கால் வழியாக ஏறுமாம். பிள்ளை பிறக்கும்வரை மருந்தும் கொடுக்க முடியாதாம். செருப்பில்லாமல் நடந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறே தோல் செருப்பு வாங்கினேன். வாங்கி என்ன? தோட்டத்தில் செருப்புக்காலோடு வெள்ளைக்காரத் துரை கண்ணில் பட்டால் அது திமிர். பெரிய கங்காணி வீட்டு வாசலிலும் கழற்ற வேண்டும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு அந்த வாசலை விட்டால் வேறு வழியே கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு கங்காணியிடம் கெஞ்சினேன்.

"இன்னைக்குச் செருப்பும்பே, நாளைக்குக் குடையும்பே," என்றார்.

துரையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மருந்துக்கார ஐயாவிடம் ஓடினேன். மருந்து சொல்வதுதான் தன் வேலை, துரைக்குப் புத்தி சொல்வதல்ல என்றார் அவர். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அடுத்த முறை பதுளைக்குப் போனபோது, தோட்ட எல்லை தாண்டிய பிறகுதான் அவள் செருப்பைப் போட்டாள். துணிக்கடைப் படி வந்ததும் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். எனக்கு வந்ததே கோபம். அறிவிருக்கா, இதுக்கா வாங்கிக் கொடுத்தேன் என்று தெருவென்றும் பாராமல் கத்தினேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "கழுவின படியில பூச்சி இல்லைங்க. இங்கன வெறுங்கால்ல நிக்கிறது என் ஆசை. அங்கன வெறுங்கால்ல நடக்கிறது யாரோட ஆசைங்க?" என்றாள்.

நானாகூட அன்று கேலி செய்யவில்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் இறங்குகிற மட்டும் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் நல்ல மழை. பெரட்டுக்களம் தாண்டியதும் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வளைவில் திரும்பினால் எதிரே துரையின் குதிரை. ஆட்கள் எல்லோரும் ரோட்டை விட்டு இறங்கினார்கள். அவள் செருப்பைக் கழற்றிக் கொழுந்துக் கூடைக்குள் போட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லயத்து அழுக்கெல்லாம் அடித்துக்கொண்டு வரும் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கினாள். கணுக்கால் வரைக்கும் சேறு. நானும் இறங்கி, அவள் பக்கத்தில் நின்று, துரைக்குச் சலாம் வைத்தேன்.