உன் ஆளு நல்லாருக்கான்க்கா

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துளிகூட நம்பிக்கை கிடையாது. எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது, நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் இருபத்தாறு வருடமாகத் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள். கழிப்பறைப் பக்கம் வெள்ளையாக ஏதோ நிற்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதபோது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அது கூரை ஓட்டைவழியாக விழுகிற வெயில் என்று காட்டியவள் நான்தான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவேன், அது வேறு. செத்தவர்கள் திரும்பி வருவதைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இப்போது அதைத்தான் நானே சொல்லப்போகிறேன், என்ன செய்ய.

என் தம்பி ஜெரால்டு வத்தலக்குண்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் அவனிடம்தான் வரும். பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பான். எப்போதும் அவன்மேல் அந்த வார்னிஷ் வாடை இருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான். அப்பா அம்மா போனபிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். என் வீட்டுக்காரர் எட்வின் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவனைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படியில்லை, பார்க்கும்போதெல்லாம் சண்டைதான் போடுவோம்.

அவனுக்கு நாற்பத்தொரு வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கை வீங்கி, முகம் கறுத்து, ஒரு டம்ளர் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக்கொண்டு நாக்கை நனைத்துக்கொள்வான். எனக்கு ரத்தம் பொருந்தியது. மதுரையில் ஆஸ்பத்திரியில், கிட்னி கொடுக்க அனுமதி தருகிற ஒரு குழு முன்னால் உட்காரவைத்து, "இது நீங்களா எடுத்த முடிவாம்மா, யாராச்சும் வற்புறுத்துனாங்களா?" என்று கேட்டார்கள். "எனக்கு ரெண்டு இருக்கு, அவனுக்கு ஒண்ணுகூட வேலை செய்யல சார். அம்புட்டுதான்" என்றேன். வெளியே வந்ததும் எட்வின் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பயம் அவருக்கு.

இடது பக்கத்தில் விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித்தான் எடுத்தார்கள். சிலருக்குச் சின்னத் துளை போட்டே எடுத்துவிடுவார்களாம், எனக்கு ரத்தக்குழாய் அமைப்பு அதற்கு ஒத்துவரவில்லை. வாங்கிக்கொள்பவரைவிடக் கொடுப்பவருக்குத்தான் வலி அதிகம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். கேட்பது வேறு, படுவது வேறு. இருமல் வந்தால் உள்ளே கொக்கி மாட்டி யாரோ சுண்டி இழுப்பதுபோல இருக்கும். தும்மல் வரும்போல மூக்கு அரித்தாலே அழுகை வந்துவிடும். மூன்றாம் நாள் நான் அப்படிக் கிடக்கிறேன், தனி அறையில் இருந்த அவன் நர்ஸ் போனிலிருந்து கூப்பிடுகிறான். குரலே மாறிப்போயிருந்தது, தெளிவாக, பழைய ஜெரால்டு.

"யக்கா, உன் ஆளு நல்லாருக்கான்க்கா. வந்த அன்னைக்கே வேலைய ஆரம்பிச்சுட்டான்."

"ஏலே, சிரிக்க வைக்காத, தையல் பிரிஞ்சிரும்" என்றேன்.

நான் கொடுத்த கிட்னிதான் அந்த 'ஆளு'. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நான் வெளியே வருகிற நேரம் பார்த்துப் போன் வரும். 'உன் ஆளு நல்லாருக்கான்க்கா', 'உன் ஆளு இன்னைக்கு இளநி கேட்டான், குடுத்தேன்', 'உன் ஆளுக்கு உன்ன மாதிரியே கோவம்க்கா, ரத்தத்துல கிரியாட்டினைன் உப்பு செத்த ஏறியிருக்கு.' நான்கு வருடம். நான்கு வருடமும் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, அது நெஞ்சில் இறங்கியது, ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். எங்களை உள்ளே விடவில்லை. கடைசியாக ஒரு தடவை நர்ஸ் போனைக் காதில் வைத்துப் பேசவைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "யக்கா, உன் ஆள நான் ஒழுங்கா பாத்துக்கலையோக்கா" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஏதோ மிஷின் அலறியது, போனை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். நான் பதில் சொல்லவேயில்லை. வத்தலக்குண்டு கல்லறையில் மண் போடும்போது எனக்கு ஓடிய நினைப்பு ஒன்றே ஒன்றுதான், என் உடம்பில் ஒரு பங்கு எனக்கு முன்னால் குழிக்குள் போகிறது, அவனுக்குத் துணைக்குப் போகிறது. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, பைத்தியம் என்பார்கள்.

அவன் போய் ஒன்றரை வருடம் கழித்து, அந்தப் பழைய தழும்பு இருந்த இடத்தில் ஒரு புடைப்பு வந்தது. குனிந்தால் முட்டை மாதிரி வெளியே தள்ளும். வெட்டிய சதை பலவீனமாகிக் குடல் தள்ளுகிறது, உள்ளே வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். போன வருடம் திண்டுக்கல்லிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் செய்துகொண்டேன். அதே இடத்தில் இரண்டாவது தடவை வெட்டு. முதல் தடவை வலித்தபோது அது எதற்கான வலி என்று தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்தத் தடவை எதற்கு? அவனும் இல்லை, கொடுத்ததும் இல்லை, வெறும் வலி மட்டும் எனக்கு என்று ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்த நினைப்புதான் தையலைவிட வலித்தது.

நான்காம் நாள் மேட்டுப்பட்டியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார் எட்வின். பலமான வலி மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குமட்டிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்திவிட்டுச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதான் கொடுத்திருந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாத்திரை மயக்கத்தில் ஏதோ பார்த்திருப்பாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்க்கவே இல்லை, அது வேறு கதை, ஆனால் மயக்கம் கிடையாது.

ஆறாம் நாள், பகல் மூன்று மணி இருக்கும். எட்வின் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தெருவில் பழைய இரும்புக்காரன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போகிறான், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, நல்ல வெயில். எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது, எழ முடியவில்லை. ஒரு முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டேன், அந்தப் பாதியிலேயே மாட்டிக்கொண்டேன், மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் படுக்க முடியவில்லை. போன் ஜன்னல் பக்கம் சார்ஜில் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் இருமல் கிளம்பியது. இது வந்தால் இன்றைக்குத் தையல் போயிற்று என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பின்பக்கமிருந்து ஒரு கை வந்து தையல்மேல் படிந்து அழுத்திப் பிடித்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். காற்று இல்லை, போர்வை மடிப்பு இல்லை, கை. சூடாக, கனமாக, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. கட்டைவிரல் நுனி காய்த்துப்போய்ச் சொரசொரவென்று நைட்டித் துணியில் மாட்டியது. வருடக்கணக்காகக் கம்பி இழுத்து இழுத்து அப்படி ஆகும். இருமல் வந்தது, இருமினேன், ஒன்றும் ஆகவில்லை. வலி குறைந்தது என்று சொல்லவில்லை, வலி இல்லை. விளக்கை அணைத்த மாதிரி. அப்புறம்தான் அந்த வாடை, வார்னிஷ் வாடை.

திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், எட்வினும் கேட்டார். திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் தெரிந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே, ஒன்றரை வருடமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "நல்லாத்தாம்ப்பா பாத்துக்கிட்ட. உன்ன மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்க அப்பு." சொல்லிவிட்டு அழுதேன், அழுதால் வயிறு குலுங்கும், குலுங்கியது, அப்போதும் வலிக்கவில்லை. அந்தக் கை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, இரும்புக்காரன் தெரு முனை திரும்பி அடுத்த தெருவில் கூவுகிறவரைக்கும் இருக்கும். பிறகு அந்தக் கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது. ஏதோ ஒன்றை உள்ளே வைத்து மூடுவதுபோல. எனக்கு அப்படித்தான் பட்டது, வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. அப்புறம் இல்லை.

எட்வின் வந்து பார்த்தபோது நான் குளியலறைக்குப் போய்விட்டு வந்து சமையலறையில் நிற்கிறேன்.

"ஏம்மா, யாரு புடிச்சு எந்திரிக்க வச்சா?" என்று பதறினார்.

சொன்னேன். அவர் வீட்டைச் சுற்றி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வாடையும் வரல" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

இதோடு முடிந்திருந்தால் ஆசையில் மனம் செய்த வேலை என்று நானே சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இரண்டு வாரம் கழித்து, தைத்த இடத்தில் நீர் கோர்த்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமாக எந்த ஸ்கேன் டாக்டரும் இடது பக்கம் வந்ததும் கருவியை நிறுத்தி, "கிட்னி குடுத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்பார். அன்றைக்கு இருந்தவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தால், நீர் ஒன்றும் இல்லை, வலது சிறுநீரகம் இயல்பு, இடது சிறுநீரகம் இயல்பு. இரண்டுக்கும் அளவு தனித்தனியாகப் போட்டிருக்கிறது. இடது, வலதைவிடக் கொஞ்சம் சிறியது.

எட்வின் சத்தம் போட்டுச் சிரித்தார். அறுவை செய்த டாக்டரும் சிரித்தார். "இன்னொருத்தர் ரிப்போர்ட்டு வரி இதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா. டைப் அடிக்கிறப்ப நடக்கும். உங்களுக்கு மனசு கேக்கலைன்னா இன்னொரு தடவ எடுத்துருவோம்." அப்படித்தான் இருக்கும். நானும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறேன், நான் அறிவியல் டீச்சர், எடுத்த உறுப்பு முளைக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்.

ஆனால் ராத்திரி பகலாக அது என்னை அரிக்க ஆரம்பித்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால், அந்த மத்தியானமும் இல்லை, அந்தக் கையும் இல்லை, நான் சொன்ன பதில் சுவருக்குச் சொன்னது என்று ஆகிவிடும், அவனை இரண்டாவது தடவை புதைக்கவேண்டும். சரி, இருக்கிறது என்று வந்துவிட்டால்? அதை நினைத்தால் இன்னும் தாங்கவில்லை. இருக்கிறது என்றால் அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று கவலைப்பட்டவன், கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். அப்படியென்றால் அந்தக் குழிக்குள் அவன் தனியாகக் கிடக்கிறான், என்னுடையது எதுவுமே அவனிடம் இல்லை. நான் திருப்பிக் கேட்கவில்லையே. கொடுத்தது கொடுத்ததுதானே.

மூன்று தடவை தேதி வாங்கிப் போகாமல் இருந்தேன். போன மாதம் எட்வின் வற்புறுத்தி வேறொரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார். சின்ன வயது டாக்டரம்மா. என் பழைய கதை எதுவும் நான் சொல்லவில்லை. ஜெல்லைத் தடவி வலது பக்கம் பார்த்தாள், எண்களைச் சொல்லிக்கொண்டே போனாள், பக்கத்தில் ஒரு பெண் டைப் அடித்தாள். "இடது பக்கம் மேல வர்ற மாதிரி திரும்பிப் படுங்கம்மா, மூச்ச இழுத்துப் புடிங்க" என்றாள். கருவி அந்த இடத்துக்கு வந்தது. எண் சொல்லவில்லை. டைப் அடிப்பது நின்றுவிட்டது. திரையை அவள் பார்க்கிறாள், திரை என் பக்கம் இல்லை, அவள் முகம் மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. நான் மூச்சைப் பிடித்தபடியே இருக்கிறேன், விடச் சொல்ல மறந்துவிட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். "போதும்மா" என்று சொல்லிவிட்டு, ஜெல்லைச் சேலைத் தலைப்பாலேயே துடைத்துக்கொண்டு வெளியே வந்து படியிறங்கினேன். எட்வின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே அந்த டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி வரைக்கும் ஓடிவந்தாள். "அம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க. ஒரே ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டாள்.

இல்லாத ஒன்றைச் சொல்வதற்கு யாராவது அப்படி ஓடி வருவார்களா? வரலாம், வேறு ஏதாவது நோயைப் பார்த்திருக்கலாம், படுத்தவள் பாதியில் எழுந்து போகிறாளே என்று வந்திருக்கலாம். நான் நிற்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது எட்வின் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த சென்டரிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. மணி அடித்து ஓய்கிறவரைக்கும் இடது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.