கிச்சாப்புக்கு யாரும் சோறு போடாதீர்கள்

போன வாரம் இந்த இடத்தில் என் பத்திக்குப் பதிலாக ஒரு சமையல் குறிப்பு வந்திருந்தது. கவனித்தீர்களா?

கவனித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று வாட்சாப்பில் விசாரித்திருந்தார். இன்னொருவர், "சமையல் குறிப்பு மிகவும் பயனுள்ளதாக இருந்தது, தொடரவும்" என்று எழுதியிருந்தார். இருவருக்கும் நன்றி. முதலாமவருக்குக் கொஞ்சம் கூடுதலாக.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்குத்தான். இதைச் சொல்லி லீவு கேட்டபோது, பத்திரிகை ஆசிரியர் போனில் மெதுவாகக் கேட்டார்: "நாய்க்கு வயித்தால போகுது... சரி. நீங்க ஏன் எழுத முடியாது?"

பாவம், அவர் வீட்டில் மீன் தொட்டிதான் இருக்கிறது.

குட்டியின் பெயர் கிச்சாப். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. இங்கே மலேசியாவில் சோயா சாஸை நாம் என்ன சொல்லிக் கடையில் கேட்கிறோமோ அதையே பெயராக வைத்தவள் என் மகள் ஷாமினி. அவளுக்கு பிரிக்பீல்ட்ஸில் வேலை. கூட வேலை செய்யும் பெண் காப்பாரிலிருந்து வருகிறவள். அங்கே செம்பனைத் தோட்டத்தில் ஒரு தாய் நாய் குட்டி போட்டிருக்கிறது, "பாவம்மா, மழையில நனையுது" என்று ஷாமினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். ஷாமினிக்கு எல்லாமே பாவம்தான். அம்மாவைத் தவிர.

என் வீட்டுக்காரர் அன்றே சட்டம் போட்டார். "நாய் வேணும்னா வெளியில. வீட்டுக்குள்ள ஒரு கால் வைக்கக் கூடாது." அந்த வாரக் கடைசியில் கிச்சாப் அவருடைய கைலியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கைலிக்குள் அவரும் இருந்தார்.

முதல் தடுப்பூசி போட்டபோதே மிருக டாக்டர் தெளிவாகச் சொன்னார். இளம் பெண், தமிழ்ப் பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "மிச்ச ஊசியும் முடியிற வரைக்கும் வெளியில கொண்டு போகாதீங்க அங்கிள். தரையில விடவே கூடாது."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. திருமணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

அடுத்த வாரமே குட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தாமான் பாடாங்குக்கு, அதாவது குடியிருப்புத் திடலுக்குப் போய்விட்டார். அங்கே காலையில் நடக்க வரும் ரிட்டயர்டு ஆசாமிகள் ஒரு கூட்டம். புதுக் குட்டியை அவர்களுக்குக் காட்ட வேண்டாமா? தூக்கிக் காட்டினால் போதாதா என்று கேட்டேன். "நடந்து காட்டினாத்தானே தெரியும்?" என்றார். அந்தப் புல்தரை வட்டாரத்துத் தெருநாய்கள் அத்தனைக்கும் பொதுக் கழிப்பறை. அதில்தான் எங்கள் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தது. எல்லாரும் கை தட்டினார்களாம்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கிச்சாப் வாசலுக்கு ஓடி வரவில்லை. மூலையில் படுத்தபடி கண்ணை மட்டும் நகர்த்தியது. அப்புறம் மஞ்சள் நுரையாக ஒரு வாந்தி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வயித்தால, ரத்தத்தோடு. அந்த வாடையைப் பற்றி எழுத மாட்டேன். ரொட்டி சானாயை வாயில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள்.

எங்கள் குடும்ப வாட்சாப் குரூப்பில் இத்தனை மிருக வைத்தியர்கள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவர் இஞ்சிச் சாறு கொடு என்றார். ஒருவர் மாதுளைத் தோல் என்றார். "கண்ணு பட்டிருக்கு, மிளகாய் சுத்திப் போடு" என்றது ஒரு குரல்பதிவு. செந்தூலில் இருக்கும் ஒரு உறவு 'குட் மார்னிங்' பூப்படம் போட்டது. உண்மையைச் சொன்னால், அதுதான் யாருக்கும் கெடுதல் செய்யாத வைத்தியம்.

டாக்டரிடம் ஓடினோம். கோவிட் சமயத்தில் நம் மூக்கைக் குடைந்தார்களே, அதே மாதிரி குச்சி. குடைந்த இடம் மட்டும் வேறு. சின்ன பிளாஸ்டிக் அட்டையில் இரண்டு கோடு வந்தது.

"பார்வோ," என்றார் டாக்டர். குடலின் உள்தோலையே தின்றுவிடும் வைரஸாம்.

"பொழைச்சிருமா?" என்று கேட்டது வீட்டுக்காரர். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சின்னக் குட்டி அங்கிள். சான்ஸ் இருக்கு. ஆனா ப்ராமிஸ் பண்ண மாட்டேன்."

பகல் முழுக்க கிளினிக்கில் ட்ரிப். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும், ராத்திரி அங்கே ஆளில்லை. வீடு முழுக்க பிளீச் போட்டுக் கழுவ வேண்டும். அப்புறம் ஒரே ஒரு கண்டிஷன். "நான் சொல்ற வரைக்கும் வாயில எதுவும் குடுக்காதீங்க. தண்ணி கூட வேணாம். உள்ள போறது எல்லாமே குடலைக் கிழிச்சிட்டு வெளிய வரும்."

எதுவும் கொடுக்காதீங்க!

நம் ஜனங்களிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? 'சாப்பிட்டாச்சா' என்று கேட்காமல் நாம் போனை வைத்திருக்கிறோமா? காய்ச்சலென்றால் கஞ்சி, பிரசவமென்றால் பத்தியச் சோறு, பரீட்சையில் பெயிலானால் பிரியாணி. நமக்குத் தெரிந்த ஒரே மருந்து வாய் வழியாகத்தான் போகும். பாசத்தை வெளியே காட்ட வேறு வழி எதையும் யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பின் சமையலறையைக் காலி செய்து கிச்சாப்பை ஒரு பெட்டியில் படுக்க வைத்தோம். அடியில் பழைய பேப்பர் விரித்தேன். என் பத்தி வந்த பக்கம்தான் மேலே இருந்தது. என் எழுத்து ஒரு உயிருக்கு இவ்வளவு நேரடியாகப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை டாக்டரின் மேஜை மேலேயே கிச்சாப் வாந்தியெடுத்தது. டாக்டர் கையுறை விரலால் அதைக் கிளறினார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் டிசிப்ளின் டீச்சர் பார்ப்பாரே, அதே பார்வை.

"யாரு என்ன குடுத்தீங்க?"

மூவரும் சுவரில் இருந்த பூனை போஸ்டரை ஆழ்ந்து படித்தோம்.

"ஆன்டி, நான் சண்டை போடல. என்ன குடுத்தீங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் மருந்து குடுக்க முடியும்."

முதலில் உடைந்தது ஷாமினி. ஆட்டுப் பால். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் சொன்னாளாம். "கொஞ்சமாதான் டாக்டர், சிரிஞ்சில."

"அப்புறம்?"

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். நம் நாட்டில் வெயில், வயித்தால, காதல் தோல்வி என்று எல்லாவற்றுக்கும் ஒரு டின் பானம் உடைத்துக் குடிக்கிறோமே, கேஸ் பொங்குமே, அது. "கேஸ் போகட்டும்னு ரொம்ப நேரம் ஆத்தித்தான் குடுத்தேன்," என்றார். பொறுப்பான மனிதர்.

நான் இருவரையும் எரித்துவிடுகிற மாதிரி பார்த்தேன். படித்தவர்கள்! டாக்டர் சொன்னதைக் காதில் வாங்காதவர்கள்! இந்த அழகில் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு குடும்பம் வாய்த்தது?

"ஆன்டி," என்றார் டாக்டர். "நாக்குல வெள்ளையா என்ன?"

"அது... விபூதி."

"விபூதியா?"

"நெத்தியில பூசிட்டு, வாயில ஒரு சிட்டிகை. விபூதி சாப்பாட்டுல சேராதே டாக்டர்."

"வாய்க்குள்ள போனா எல்லாம் சாப்பாடுதான் ஆன்டி."

இதோடு விட்டாரா? வாந்தியில் சோற்றுப் பருக்கையும் இருக்கிறது என்றார். அது எப்படி? எங்கள் வீட்டில் முந்தின நாள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே நேரத்தில் மூவருக்கும் விடை தெரிந்தது. பின் சமையலறைக்கு ஒரு கிரில் கதவு உண்டு. கிரிலுக்கு அந்தப் பக்கம் பின்சந்து. பின்சந்துக்கு அந்தப் பக்கம் பத்மா அக்கா வீடு. அக்கா ஒரு கரண்டிக் கஞ்சியைக் கிரில் வழியாக நீட்டி ஊட்டியிருக்கிறார்.

ஆக, பட்டினி கிடக்க வேண்டிய குட்டி. ஒரே சாயங்காலத்தில் ஆட்டுப் பால், டின் பானம், கஞ்சி, விபூதிப் பிரசாதம். எங்கள் வீட்டுக்கு வருகிற சம்பந்திக்குக்கூட இப்படி ஒரு உபசாரம் நடக்காது. ஒவ்வொருவரும் நான் மட்டும்தான் கொடுத்தேன், அதுவும் கொஞ்சம்தானே என்று நினைத்திருக்கிறோம்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "வைரஸை நான் பார்த்துக்குவேன் அங்கிள். உங்களை யாரு பார்த்துக்கிறது?"



அன்று கிச்சாப்புக்கு ரொம்ப மோசமாகிவிட்டது. ஈறு வெளுத்துப் போயிருந்தது. தூக்கினால் தலை தொங்கியது. டாக்டர் ஊசிக்கு நரம்பு தேடித் தேடிக் கடைசியில் பின்னங்காலில் குத்தினார்.  எங்களை வெளியே இருக்கச் சொன்னார். கார் பார்க்கில் உட்கார்ந்து அழுதேன். வாராவாரம் அடுத்தவர்களைக் கேலி செய்து பிழைப்பு நடத்துகிறவளுக்கும் அழுகை வரும், நம்புங்கள். நாங்கள் ஆளுக்கொரு வாயாக ஊட்டியே அதைக் கொன்றுவிடப் போகிறோம் என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். பெட்டியை இறக்கி வைப்பதற்குள் கிரில் பக்கம் பத்மா அக்கா. கையில் தூக்குச் சட்டி.

"கொஞ்சம் கஞ்சி வெச்சிருக்கேன். உப்பு போடல."

நான் பொறுமையாக விளக்கினேன். வைரஸ் என்றேன். குடல் என்றேன். உள்தோல் என்றேன். கையால் படம் வரைந்தே காட்டினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "பச்சப் புள்ளைய பட்டினி போட்டுக் கொல்லப் போறீங்களா லா?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. சட்டி ஏற்கெனவே கிரிலுக்குள் பாதி வந்துவிட்டது.

எனக்கு அலுத்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சாப்பிட்டாச்சு அக்கா."

"சாப்பிட்டாச்சா?"

"இப்பதான். கிளினிக்லயே குடுத்துட்டாங்க. வயிறு ஃபுல்."

"அப்படியா? இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" சட்டி திரும்பிப் போய்விட்டது. அக்காவும் போய்விட்டார், நிம்மதியாக.

பார்த்தீர்களா? மருத்துவமும் அறிவியலும் சேர்ந்து நிறுத்த முடியாத ஒரு தமிழ்க் கையை, ஒரே ஒரு சொல் நிறுத்திவிட்டது. இதைக் கிளினிக்கில் எழுதி மாட்டலாம்.

அதன் பிறகு அதுதான் எங்கள் வீட்டுக் கொள்கை. சுங்கை வேயிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாலும் சரி, பாடாங் ஆசாமிகள் வாசலில் நின்று விசாரித்தாலும் சரி... சாப்பிட்டாச்சு. வீட்டுக்காரர் பிரிட்ஜைத் திறந்தால்கூட நானும் ஷாமினியும் சேர்ந்தே சொன்னோம், "ட்ரிப்ல சாப்பிட்டாச்சு!" அவர் மூடிவிடுவார். பெட்டிக்குள் எலும்பும் தோலுமாக ஒரு கறுப்புத் துணி கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சிரித்த முகமாக, "நல்லா சாப்பிட்டான் அக்கா" என்று கிரிலைப் பார்த்துச் சொல்வேன். 

நாள் ஓடியது. முதலில் வாந்தி நின்றது. அப்புறம் ரத்தம் நின்றது. ஒரு மத்தியானம் டாக்டர் போன் செய்தார். "ஆன்டி, இன்னிக்கு வீட்டுக்குக் கொண்டு போய் சாப்பாடு குடுத்துப் பாருங்க. வேக வெச்ச கோழி, கொஞ்சூண்டு. இனி அவன் தானா சாப்பிடணும். சாப்பிடலன்னா..." 

கேட்க வேண்டுமா எங்களுக்கு? அதுவரை பூட்டி வைத்திருந்த கைகள் எல்லாம் அவிழ்ந்துவிட்டன. ஷாமினி அரை நாள் லீவு போட்டுவிட்டு கொமுட்டர் ரயில் பிடித்து ஓடி வந்தாள். கோழி வெந்தது. நார் நாராகப் பிய்த்துத் தட்டில் வைத்தோம்.

கிச்சாப் முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

விரலில் வைத்து நீட்டினோம். வேண்டாம். மூக்கில் தடவினோம். வேண்டாம். "சாப்பிடு லா கண்ணு, ஒரு வாய்," என்று ஷாமினி கெஞ்சினாள். வேண்டாம். கொடுக்கக் கூடாதென்றபோது வரிசையில் நின்று ஊட்டிய கூட்டம், கொடுக்கலாமென்றபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றது. சிரிப்பாகத்தான் இருக்கிறது, இப்போது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் கிரிலைத் தட்டினார் பத்மா அக்கா. "அவன்தான் தினம் சாப்பிடுறான். நீங்க யாராச்சும் சாப்பிட்டீங்களா? மூஞ்சியப் பாரு." தூக்குச் சட்டி நிறைய அதே உப்பில்லாக் கஞ்சி. எங்களுக்கு.

யோசித்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க பிஸ்கட்டும் தேநீரும்தான். கிச்சாப் சாப்பிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, எங்கள் வீட்டில் ஒரு வேளை ஒழுங்காக யாரும் சாப்பிடவில்லை.

வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, நாய் கால் வைக்கக் கூடாதென்று சொன்ன அதே வீட்டின் தரையில், பெட்டிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு வாய்.

பெட்டியில் சரசரவென்று பேப்பர் சத்தம். கிச்சாப் எழுந்தது. கால் நடுங்கியது, சாய்ந்தது, மறுபடி நின்றது. பெட்டியின் ஓரத்தில் மோவாயை வைத்து அவர் குடிப்பதையே பார்த்தது. பிறகு மூக்கை நீட்டி, அவர் கையிலிருந்த கிண்ணத்துக்குள்ளேயே விட்டது.

சளக்... சளக்... சளக்.

யாரும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரர் கிண்ணத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். 

அப்போது பார்த்து டாக்டர் போன். "ஆன்டி, என்ன ஆச்சு? சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாச்சு," என்றேன். அந்த வாரத்தில் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்ன சொல்! ஆனால் இந்தத் தடவை பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. ஷாமினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரரைக் கேட்கவே வேண்டாம். கஞ்சிக் கிண்ணத்தில் உப்பு இல்லாத குறை தீர்ந்துவிட்டது.

கிரிலுக்கு வெளியே பத்மா அக்கா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தினம் சாப்பிடுற புள்ளதானே? இன்னிக்குச் சாப்பிட்டதுக்குப் போயி ஏன் லா எல்லாரும் அழுவுறீங்க? இந்தா, அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து."