தெளிந்த தண்ணீர்தானே

கண்ணாடி போல் தெளிந்திருக்கும் தண்ணீரை எதற்காக மாற்ற வேண்டும்? மீட்டர்காரர் இப்படிக் கேட்டபோது, பக்கத்து வீட்டில் இருந்த எனக்கும் பதில் தெரியவில்லை.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. மனைவி இறந்த பிறகும் நேரம் தவறாமல் போனார், வந்தார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் அசைந்தவை, கூடத்துத் தொட்டியில் இருந்த இரண்டு ஆரஞ்சு மீன்கள் மட்டும்தான். அவள் வளர்த்தவை. அவையாவது இருக்கட்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

காலையில் ஒரு சிட்டிகை தீனி போடுவார். மட்டம் இறங்கினால் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். ஞாயிறுதோறும் அவள் ரப்பர் குழாயும் வாளியுமாகத் தொட்டியோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறார். செய்தித்தாளை இறக்காமல், நனையாதபடி காலைத் தூக்கிக்கொண்டதோடு சரி.

மெல்ல மெல்லக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு படிந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் மச்சினி வந்தாள். தொட்டியைப் பார்த்தவள் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன அத்தான், தண்ணி மாத்தறதே இல்லையா?"

"குறையக் குறைய ஊத்துறேனே. தெளிவாத்தானே இருக்கு?"

"ஆவியாப் போறது வெறும் தண்ணி. அதுங்க கழிவு எங்க போகும்? கண்ணுக்குத் தெரியாம உள்ளேயே சேர்ந்துக்கிட்டே இருக்கும். ஊரு மீட்டரெல்லாம் பார்க்கிறீங்க, வீட்டுல இருக்கறது கண்ணுல படலையா?"

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினார். கூழாங்கற்களைப் பளபளவெனத் தேய்த்தார். குழாய்த் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி மீன்களை விட்டார். இனிக் கவலையில்லை என்று வேலைக்குப் போனார்.

மாலையில் ஒரு மீன் பக்கவாட்டில் மிதந்தது. மற்றது அடியில் அசையாமல் கிடந்தது.

மச்சினிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"ஒரேயடியா மாத்தினா எப்படித் தாங்கும், அத்தான்? பழகின தண்ணியாச்சே. அதுவும் குழாய்த் தண்ணிய அப்படியேவா? அதுல மருந்து கலந்திருப்பாங்களே. அக்கா வாராவாரம் கால்வாசிதான் எடுப்பா. மருந்து போகட்டும்னு முந்தின நாளே பிடிச்சு வச்சதைத்தான் ஊத்துவா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அவகிட்டயே கேட்டிருக்கலாம்," என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

செத்த மீனை வாசல் செடியடியில் புதைத்தார். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். வராததால் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது சனிக்கிழமையே வாளியை நிரப்பி வைக்கிறார். ஞாயிறன்று கால்வாசித் தண்ணீரை எடுத்து அந்தச் செடிக்கு ஊற்றுகிறார். மிஞ்சிய மீன் பிழைத்துக்கொண்டது. தீனிக்கு மேலே வருகிறது. அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டில் மீன்தொட்டி இருந்தால் இதை அவருக்குச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, வாராவாரம் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவரும் சட்டைக் கையை மடித்துவிடுவார்.