வருஷத்துக்கு ஒரு ட்ரிப்

என் அக்கா ஷீலாவின் கணவர் ஜீவானந்தம் தண்ணீர் லாரி டிரைவர். மாசியில் வெயில் ஏறத் தொடங்கினால் வண்டியில் உட்காருவார். பள்ளிக்கரணைச் சந்துகளில் பின்பக்கமாகவே லாரியை விட்டு அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் இறக்குவார். இதுவரை ஒரு மதிலைக்கூட உரசியதில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லாரிக்கு வேலையில்லை. சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு அக்காவோடு ரயிலேறிவிடுவார். ஸ்லீப்பர் கோச்சிலேயே காசி, துவாரகை, திப்ருகர் எல்லாம் பார்த்தாயிற்று. பிரம்மபுத்திரா கரையில் நின்று, இது எத்தனை லாரித் தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பாதியில் விட்டுவிட்டாராம். தெருவில் பாதிப் பேர் அவரை ஊர்சுற்றி என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா மகள் சினேகாவுக்கு வண்டலூரிலிருந்து வரன் வந்தது. மறைமலை நகரில் வேலை பார்க்கிற பையன். சினேகாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கே தட்டிப்போகுமோ என்று பயந்து, ஊர் சுற்றும் கதையை மட்டும் எடுக்காதீர்கள் என்று மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பெண் பார்க்க வந்த அன்று நல்ல மழை. அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டதால் மாமாவின் மனசு ஏற்கனவே ரயிலில் இருந்தது. பையனின் அப்பா வேதாசலம் மரியாதையாகத்தான் கேட்டார், எத்தனை ட்ரிப் அடிப்பீர்கள் என்று. அவர் கேட்டது தண்ணீர் நடையை.

"வருஷத்துக்கு ஒண்ணு சார்" என்றார் மாமா.

வேதாசலத்தின் முகம் சுருங்கிப்போனது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் சமாளிக்க வாயெடுப்பதற்குள் சினேகா முந்திக்கொண்டாள்.

"அவரு சொன்னது டூர் சார். வெயில்ல எங்கப்பா ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப் தண்ணி அடிப்பாரு, ஞாயித்துக்கெழமைகூட லீவு கெடையாது. மழை வந்தா எங்கம்மாவ இட்டுக்கினு ஊர் பாக்கப் போவாரு. இதுல மறைக்க இன்னா கீது?"

'மறைக்க' என்றபோது என்னைப் பார்த்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளையும் மாமாவையும் நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேதாசலம் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காத்திருக்கவில்லை. பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"முப்பது வருஷத்துல நீங்க என்னைத் திருத்தணியத் தாண்டி இட்டுக்கினு போனதில்ல. நம்ம புள்ளையாச்சும் இவர்கிட்ட கத்துக்கட்டும். தேதியப் பாருங்க."