மீதியை நானே சொன்னேன்

நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் கல்யாணமாகிப் போனபோது எனக்குக் கொழுந்தெடுக்கத் தெரியாது. வாயடிக்க நன்றாகத் தெரியும். எழுபதுகளின் தொடக்கம் அது. பெண் பார்க்க வந்த அன்றே என் மாமியார், "டவுன் புள்ள மலையில நிக்குமா?" என்று கேட்டார். "நிப்பேன்" என்று நானே முந்திக்கொண்டு சொல்லித் தொலைத்தேன். கல்யாணப் பெண் வாய் திறந்ததையே ஒரு மாதம் பேசினார்கள்.

மலையில் நின்றேன்தான். கைதான் ஓடவில்லை. பக்கத்து நிரைப் பெண்கள் இரண்டு கையாலும் கிள்ளி முதுகுக் கூடைக்குள் எறிந்துகொண்டே போவார்கள். நான் ஒரே செடியோடு வழக்காடிக்கொண்டிருப்பேன். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு. முதல் வாரம் முழுக்க எனக்கு அரைப்பேர். லயத்து வீட்டுக்கு வந்தால் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். சட்டிகளை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பார். கங்காணி நேராகவே சொன்னார்: "இப்படியே போனா புல்லுவெட்டத்தான் அனுப்புவேன், தாயி." புல்வெட்டப் போவதில் எனக்கு வருத்தமில்லை. மாமியார் கேட்டது சரியாகிவிடுமே என்பதுதான் எரிச்சல்.

என்னைக் காப்பாற்றியது சினிமா. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், பதுளையில் பார்த்த படம் ஒன்றைப் பற்றி உளறிவைத்தேன். அந்தப் பெண்கள் வருடத்துக்கு ஒரு படம் பார்த்தாலே அதிகம். நிரைக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் விடவில்லை.

"பெறகு என்னாச்சு புள்ள?"

எனக்கோ கதை சொன்னால் கை நின்றுவிடும். அதைச் சொன்னேன். "நீ வாய நிப்பாட்டாத, கூடைய நாங்க பாத்துக்கிறோம்" என்று இடப்பக்கத்து நிரை அக்கா ஒரு பிடி கொழுந்தை என் கூடையில் போட்டாள். வலப்பக்கத்திலிருந்து இன்னொரு பிடி விழுந்தது. சண்டைக் காட்சிக்கு இரண்டு பிடி. அன்று எனக்கு முழுப்பேர்! கங்காணி கண்டும் காணாதவர்போல நின்றார், அதுவும் கதை காதில் விழும் தூரத்தில்.

ஆனால் நான் பார்த்திருந்தது மொத்தமே நாலு படம். பத்து நாளில் சரக்கு தீர்ந்துபோயிற்று. மிச்சமிருந்தவை என் டிரங்குப் பெட்டியில் கிடந்த, நான் பார்க்காத படங்களின் பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் விற்கும் அந்தப் புத்தகங்களில் பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். சரியான கட்டத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். அதில் ஒரு கதையில், ஒரு தாய் கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறாள். தாயும் மகளும் சேர்ந்தார்களா? வெள்ளித்திரையில் காண்க. நான் எந்த வெள்ளித்திரைக்குப் போவேன்? நானே சேர்த்துவைத்தேன்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது. இடப்பக்கத்து அக்காவின் தாயார் முந்தின வருடம்தான் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்து, தலைமன்னாரில் கப்பலேறிப் போயிருந்தார். அக்காவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. போய்ச் சேர்ந்ததற்கு ஒரு கடிதம் வந்தது, அதன்பிறகு ஒன்றும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், கதை சொல்லும் வெறியில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. மகளின் கல்யாணப் பந்தலுக்குள் அந்தத் தாய் நரைத்த தலையோடு நடந்து வருகிறாள் என்று நான் முடித்தபோது, அக்கா மூன்று பிடி போட்டாள்.

நான் செய்த தப்பு, அதை அளவுக்கு மீறி நன்றாகச் சொன்னதுதான். அந்தப் படம் மறுபடி பதுளைக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குப் பன்னிரண்டு பெண்கள் ரயிலேறினார்கள். நான் வயிற்றுவலி என்றேன். ஓமத்தண்ணி கொடுத்துக் கூட்டிப்போனார்கள்.

திரையில் கப்பல் புறப்பட்டது. பத்து நிமிடத்தில் மூழ்கியது. இடைவேளைக்கு முன்பே அந்தத் தாய் சுவரில் மாலை போட்ட போட்டோவாகத் தொங்கினாள். எங்கள் வரிசை முழுவதும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. ஒருத்தி மட்டும், "பொறுங்கடி, கல்யாணத்துக்கு வரும்" என்று தைரியம் சொன்னாள். கல்யாணமும் முடிந்தது, வணக்கமும் போட்டுவிட்டார்கள். அவள் வரவில்லை.

திரும்பும் ரயிலில் யாரும் என்னோடு பேசவில்லை. இனி ஒரு பிடி கொழுந்துகூட விழாது. அரைப்பேரோடு பொய்க்காரி என்ற பேரும் சேரும். அவமானத்தைவிட, அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி வேலை பிரித்தபோது அதே நிரைதான் கிடைத்தது. வாயை மூடிக்கொண்டு கிள்ளினேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். திடீரென்று என் கூடையில் ஒரு பிடி விழுந்தது. கோபமாகத்தான் போட்டாள், கூடை ஆடியது.

"சொல்லு" என்றாள் அக்கா.

"எத?"

"அந்தக் கப்பல் கதைய. ஏறுறதுலருந்து சொல்லு."

"அக்கா, அது நானா இட்டுக்கட்டுனது. நீங்கதான் நேத்துப் பாத்தீங்களே."

"பாத்தேன். அவனுங்களுக்குச் சரியா எடுக்கத் தெரியல." இன்னொரு பிடி விழுந்தது. "அந்தம்மா திரும்பி வர்ற எடத்த மட்டும் வெரசா சொல்லிராத. மெதுவா சொல்லு."

சொன்னேன். ரங்கூனிலிருந்து கப்பலைக் கரைக்குக் கொண்டுவர மத்தியானம் வரை ஆயிற்று. இந்தத் தடவை கல்யாணப் பந்தல் வரைக்கும் காத்திருக்கவில்லை, துறைமுகத்துக்கே மகளை வரவழைத்தேன். தாய் கப்பல் படியில் கால் வைத்தாள். அக்கா கை வேலையை நிறுத்தி, தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா கையில என்ன கொண்டாந்துச்சு?" என்று கேட்டாள்.