ஒரு படி ஜாஸ்தி

பாலாற்றில் மணலைத்தான் பார்த்து வளர்ந்தவள் நான். அதில் தண்ணீர் வந்து என் கட்டிலை நனைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வந்தது. வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறை நின்றது. ஓசூரில் இருக்கும் மகன், ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாம் என்று ஒரு இன்ஜினியரை அனுப்பினான். செத்துப்போன என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. சாஸ்திரம் கேட்காமல் அசைக்க எனக்கு மனசில்லை. வாஸ்துக்காரரையும் கூப்பிட்டேன்.

அவர் ஈசானி மூலையில் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, ஒரு பூவை மிதக்க விட்டார். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றது. "தண்ணி நின்னா வீட்ல ஜனம் நிக்கும்மா" என்றார்.

அதே குழியை எட்டிப் பார்த்த இன்ஜினியர், "களிமண்ணு. வெள்ளம் வந்தா சீக்கிரம் வடியாது, நல்லா தூக்கணும்" என்றார். அவர் கேட்ட உயரத்துக்குப் படிகள் இரட்டைப்படையில் வந்தன. லாபம், நஷ்டம் என்று எண்ணிப் பார்த்த வாஸ்துக்காரர், லாபத்தில் முடிய இன்னொரு படி கேட்டார். "ஒரு படி ஜாஸ்தின்னா எனக்கும் நல்லதுதான்" என்று இன்ஜினியர் சிரித்தார். சண்டையே இல்லை.

ஜன்னலைப் பற்றி இருவரும் கேட்கவில்லை. என் சமையல்கட்டு ஜன்னல் சந்துப் பக்கம் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் அங்கேதான் நிற்பாள். "இன்னாக்கா, இன்னா கொழம்பு?" கம்பிக்குள் கிண்ணம் நுழையாது. டம்ளரில் ஊற்றி நீட்டுவேன். ஒரு நாளில் நான் பேசும் பேச்சே அவ்வளவுதான்.

வீடு ஏறியதும் ஜன்னல் அவள் தலைக்கு மேலே போய்விட்டது. கொஞ்ச நாள் அண்ணாந்து கத்திப் பேசினாள். மேலே வரச் சொன்னால், "காலு கெஞ்சுதுக்கா, நாளைக்கு வர்றேன்" என்று நடந்துகொண்டே சொல்வாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இன்ஜினியரையும் வாஸ்துக்காரரையும் சேர்த்து வைத்து, கேட்க ஆளில்லாமல் குக்கரிடம் திட்டித் தீர்த்தேன்.

மறுபடி வெள்ளம் வந்தபோது தண்ணீர் பாதிப் படிகளோடு நின்றது. அவள் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மேலே ஓடி வந்தாள். வீடு கலகலவென்று ஆனது. தினமும் காலையில் அவள், "வடிஞ்சிச்சாக்கா?" என்பாள். எட்டிப் பார்த்து, "இல்லமா, நிக்குது" என்பேன். அவள் வீட்டு மிக்சியும் பிள்ளைகளின் புத்தகங்களும் சேற்றில் கிடக்க, எனக்கு உள்ளே ஒரு நிம்மதி. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிம்மதி போகவில்லை.

ஒரு நாள் காலை நான் அரிசி அளந்துகொண்டிருந்தபோது, பிள்ளைகளோடு இறங்கிப் போனவள் கீழேயிருந்து கத்தினாள். "சுத்தமா வடிஞ்சிட்ச்சிக்கா! நாங்க வூட்டுக்குப் போறோம்!"

ஜன்னலுக்கு ஓடினேன். அவள் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"சரிம்மா" என்றேன். நாலு பேருக்கு அளந்த அரிசியில் என் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை டப்பாவில் திரும்பக் கொட்டினேன்.