நாமக் குறியிட்ட நாட்கள்

என் பெரியப்பாவின் இதயத்தில் செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தி அனுப்பிய சென்னை மருத்துவர்கள், அதில் இரத்தம் உறைந்துவிடாமல் காக்க நாள்தோறும் ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார்கள். விளக்கேற்றும் வேளையில் அதை அவர் கையில் கொடுத்து, நாட்காட்டியில் ஒரு கோடிடும் கைங்கரியம் ஒன்பது வயதுச் சிறுமியான எனக்கு வாய்த்தது. திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை கட்டுகிறவர்கள்கூட அத்தனை கர்வத்தோடு இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மாதந்தோறும் செங்கல்பட்டில் செய்த இரத்தப் பரிசோதனை எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. ஒரு மாதம் இரத்தம் நீர்த்துப்போய் ஈறில் கசிந்தது. மறுமாதம் உறையும் அளவுக்குத் தடித்தது. மாத்திரை தவறுகிறது, இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து என்றார் மருத்துவர். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அடுத்த முறை, நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு நானும் பேருந்தில் ஏறினேன். மருத்துவர் என் கோடுகளை எண்ணிப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை. பிறகு, மாதத்தில் இரண்டு நாட்களில் மட்டும் இருந்த சிறிய நாமக் குறியைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். அது பெரியப்பா இட்டது. ஏகாதசியன்று துளசித் தீர்த்தம் தவிர வேறெதுவும் உட்கொள்வதில்லை என்றும், மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையை வயிறார உண்பதாகவும் அவர் பெருமிதத்தோடு சொன்னார்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். பட்டினி கிடந்தால் மாத்திரையின் வீரியம் ஏறும், கீரை மிகுந்தால் இறங்கும் என்று விளக்கிவிட்டு, இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றார்.

"நீங்க மாத்திரையப் பத்திதான கேட்டீங்க. பெருமாள் சமாச்சாரத்த இங்க எதுக்கு சொல்றது?" என்றார் பெரியப்பா.

இரத்தம் எடுக்க வந்த கம்பவுண்டர் சிரித்துவிட்டார். "இன்னா பெரியவரே, பாப்பா மேல பழியப் போட்டுட்டு, நீங்க பாட்டுக்கு கீரய துன்னுகினு இருந்தீங்களா?"

பட்டினி கூடாது, கீரையை விடவும் வேண்டாம், தினமும் ஒரே அளவாகக் கொஞ்சம் உண்டால் போதும் என்பதே தீர்ப்பு. அதன்பின் இரத்தம் சொன்னபடி கேட்டது. பெரியப்பா என் திருமணத்தையும் இருந்து நடத்தினார்.

மருத்துவர் தீர்ப்புச் சொன்னதை அடுத்து வந்த முதல் ஏகாதசியன்று, நினைவு தெரிந்த நாள் முதல் விரதம் தவறாத அந்த மனிதர், தலைகுனிந்து சோறு உண்டார். நானோ குற்றமற்றவள் என்பதைத் தெரு முழுவதும் அறிவித்துவிட்டு, அவரோடு கோயிலுக்குப் புறப்பட்டேன். சன்னதிக்குள் வராமல் அவர் கொடிமரத்தடியிலேயே நின்றுவிட்டார். கால் வலிக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டு, அவருக்கும் சேர்த்து நானே உள்ளே ஓடிச் சேவித்துவிட்டு வந்தேன்.